ஒரே வாசல், இரண்டு அடுப்பு

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் டார்செட்டில் மில்டன் அப்பாஸ் என்ற ஊருக்குப் போகிறேன். சரிவான ஒரே தெரு, இருபுறமும் அச்சில் வார்த்தது போல வைக்கோல் கூரை வேய்ந்த வெள்ளை வீடுகள். படத்தைப் பார்த்தாலே அந்தக் கால உழவர்களின் எளிய, அமைதியான வாழ்க்கை கண்முன் வருகிறது. இதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸா, தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனா? கூரை அந்தக் காலத்துக் கூரையேதானா?
ச.

அன்புள்ள ச.,

இருவருக்குமே பங்குண்டு என்பார்கள். அது கிடக்கட்டும். 'எளிய, அமைதியான வாழ்க்கை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருடைய அமைதி?

ஜோசப் டேமர் என்ற பிரபு 1752இல் அங்கிருந்த மடாலய நிலத்தை வாங்கினார். மாளிகைக்குப் பக்கத்திலேயே மிடில்டன் என்ற ஊர். சந்தை, பள்ளிக்கூடம், நூற்றுக்கும் மேல் வீடுகள். ஜன்னலைத் திறந்தால் ஊர் தெரிகிறது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. குத்தகைகளை ஒவ்வொன்றாக வாங்கி, வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து, முழு ஊரையும் துடைத்துவிட்டார். போக மறுத்த ஹாரிசன் என்ற வக்கீலின் வீட்டுக்குள் குளத்து மதகைத் திறந்துவிட்டார் என்றும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் இன்னமும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் 1785இல் பக்கத்து ஊரான பிளாண்ட்ஃபோர்டுக்குப் போனது. மிஞ்சிய சனங்களுக்கு, மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில், 1780 வாக்கில் கட்டிக் கொடுத்ததுதான் உங்கள் அழகுத் தெரு. மொத்தம் 36 கட்டடங்கள்.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் ஒரே அளவு சன்னல். ஒரு குடும்பத்துக்கான வீடு என்றுதானே நினைத்தீர்கள்? ஒவ்வொன்றும் இரண்டு குடும்பங்களுக்கு. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நீங்கள் ரசிக்கிற அந்தச் சீர் அங்கிருந்துதான் வருகிறது. தெருவில் போகிறவன் கண்ணுக்கு ஒரு நல்ல வீடு, உள்ளே இருப்பவளுக்குப் பாதி வீடு.

பாகம் பிரித்த பிறகு எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வாசல் ஒன்றுதான். விடிகாலையில் யார் முதலில் சாணம் தெளிப்பது என்பதிலேயே பேச்சு நின்று போனது. ஆறு வருடம் பேசவில்லை. ஈரக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது எனக்கு இன்றும் காலில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கதவைப் பார்த்து என்னால் 'அமைதி' என்று சொல்ல முடியவில்லை.

சரி, கூரை. சுவர்கள் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் படை படையாக ஏற்றியவை, நம் ஊர் மண்சுவர் போலவே ஒரு படை காய்ந்த பிறகே அடுத்த படை. மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழத்தான் இறவாணம் அவ்வளவு நீண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து வைக்கோல் கூரையை ஏறத்தாழ 30 ஆண்டுக்கு ஒருமுறை மேலே புதிதாக வேய்வார்கள், முகட்டை அதற்கு முன்பே மாற்றிவிடுவார்கள். நீங்கள் பார்க்கப்போவது மேல்தோல்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டாயம் போங்கள், ஆனால் முதலில் தெருவுக்குப் போகாதீர்கள். மாளிகையை ஒட்டியிருக்கும் மடாலயக் கோயிலுக்கு, அதாவது அந்தப் பழைய தேவாலயத்துக்குப் போங்கள். அவ்வளவு பெரிய கோயிலைச் சுற்றி ஏன் வெறும் புல் மட்டும் இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கிருந்து தெருவுக்கு நடந்தே வந்துவிடலாம். மழைக்கேற்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பாதை சேறாக இருக்கும்.