கேளுங்கள், கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்

கேள்வி: கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். இறுவட்டில் கேம் வந்த காலத்தில், பாதி முடிந்த கேமை எப்படி ஓட்டிப் பார்த்தார்கள்? ஒவ்வொரு தடவையும் இறுவட்டில் எழுதினார்களா? ‘டிஸ்க் எமுலேட்டர்’ என்று ஒரு கருவி இருந்ததாமே?
- மாணவி, நிலாவெளி

பதில்: எழுதியும் பார்த்தார்கள், தங்கச்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்தது 1994 டிசம்பரில். இரட்டை வேக ரைட்டரில் ஒரு முழு இறுவட்டை எழுத அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். கேமில் ஒரு கதவுச் சத்தத்தை மாற்றிவிட்டு அவ்வளவு நேரம் காத்திருந்து, கேட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் அந்த இறுவட்டைக் குப்பையில் போட வேண்டும். போதாக்குறைக்கு, கடையில் விற்கும் மெஷின் எழுதிய இறுவட்டை ஏற்காது. அதற்கென்று சோனி கொடுத்த நீல நிற டிபக் மெஷின் (பிழை தேடும் மெஷின்) வேண்டும்.

எமுலேட்டர் வந்தது இதனால்தான். டிரைவ் செய்யும் வேலையை ஒரு கார்டும் ஹார்ட் டிஸ்கும் எடுத்துக்கொள்ளும். கன்சோல், அதாவது கேம் மெஷின், ‘இத்தனையாவது செக்டரைக் (தட்டின் சிறு துண்டை) கொடு’ என்று கேட்கும். கார்டு அதை ஹார்ட் டிஸ்கில் தேடிக் கொடுக்கும். கன்சோலுக்கு வித்தியாசமே தெரியாது.

இதுவரை சுலபம். எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது: நல்ல எமுலேட்டர் வேண்டுமென்றே மந்தமாக ஓட வேண்டும்! பிளேஸ்டேஷன் டிரைவ் உச்சத்தில் விநாடிக்கு 300 கிலோபைட்தான் தரும். 2 மெகாபைட் நினைவகத்தை நிரப்பவே ஏழு விநாடி பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் தன் வேகத்தில் அள்ளிக் கொடுத்தால் ஸ்டூடியோவில் கேம் பறக்கும். அச்சடித்த இறுவட்டை வீட்டில் போட்டதும் படுத்துவிடும். அதற்குள் பெட்டி பெட்டியாகக் கடைக்குப் போயிருக்கும்.

வேகம் மட்டுமா? லேசர் தலை தட்டின் உட்புறத்திலிருந்து வெளிவிளிம்புக்கு நகரவும் நேரம் வேண்டும். சண்டைக் காட்சியின் படம் ஒரு ஓரத்திலும் அதன் சத்தம் மறு ஓரத்திலும் கிடந்தால், டவுனில் மீன் வாங்கி, தேங்காய்க்கு நிலாவெளி போய், புளிக்குத் திரும்பவும் டவுனுக்கு வருகிற சமையல்தான். அதனால் ஒரே கோப்பை இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்று தெரிய, எமுலேட்டர் இந்தத் தாமதத்தையும் அப்படியே நடித்துக் காட்ட வேண்டும்.

1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டுக்கு இந்தக் கருவி இன்னும் அவசியமாகிவிட்டது. அதன் ஜிடி-ரொம் தட்டு ஏறத்தாழ 1 கிகாபைட். சாதாரண வெற்று இறுவட்டில் அடங்காது. ஜிடி-ஆர் என்ற தனித் தட்டும் அதற்கொரு தனி ரைட்டரும் வேண்டும். கட்டானா என்ற டெவலப்மென்ட் பெட்டிக்குள்ளேயே சேகா ஹார்ட் டிஸ்கை வைத்துவிட்டது. பிறகு நின்டெண்டோவும் வீ கன்சோலுக்கு ஆர்விடி-எச் ரீடர் என்று ஒன்றைக் கொடுத்தது. அதிலுள்ள ஹார்ட் டிஸ்கில் எட்டு தட்டுகளுக்கு இடம்.

உங்கள் கேம் புரொஜெக்டுக்கும் இந்த வித்தையைச் செய்யலாம். லாப்டொப்பின் எஸ்எஸ்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஸ்மூத்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பழைய யூஎஸ்பி 2.0 பென் டிரைவில் போட்டு அதிலிருந்து ஓட்டுங்கள். வீட்டில் ஆறேழு வருடப் பழைய போன் கிடந்தால் அதிலும் ஓட்டுங்கள். எங்கே திணறுகிறது என்று அப்போது தெரியும்.

கேள்வி: இணையத்தில் பழைய ஆர்விடி-எச் ரீடர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: கேம் விளையாடவா? வேண்டாம். டெவலப்மென்ட் கிட் என்பது கம்பனி ஒப்பந்தம் போட்டு ஸ்டூடியோவுக்குக் கொடுத்த சாமான். அது எப்படிச் சந்தைக்கு வந்தது என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். ஹார்ட் டிஸ்கும் வயதானது. ஆனால் பழைய கேம்களைச் சேமித்து வைப்பவர்கள் இதைத் தேடி அலைவதற்குக் காரணம் இருக்கிறது. இதில் ஒரு தட்டை அழித்தால் பட்டியலில் இருந்துதான் பெயர் போகும், உள்ளே தரவு அப்படியே கிடக்கும். மேலே வேறொன்றை எழுதாதவரை, வெளிவராத பதிப்புகளைக்கூட மீட்டுவிடலாம். அந்த வேலை தெரிந்தவர் கையில் போனால் நல்லது. உங்களுக்கு எதற்கு?

கேள்வி: கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ட்ரீம்காஸ்ட் தட்டை வாசிப்பதில்லை, அடிக்கடி ரீசெட்டும் ஆகிறது. ஜிடிஎமு போடச் சொல்கிறார்கள். செலவுக்குத் தகுமா?
- வாசகர், திருக்கடலூர்

பதில்: தகும், தம்பி. முதலில் ரீசெட்டைப் பாருங்கள். மூடியைக் கழற்றி பவர் போர்டை நேராக மேலே தூக்கினால் மதர்போர்டில் வரிசையாகப் பின்கள் நிற்கும். நம் உப்புக்காற்றில் அவை மங்கிப்போயிருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போடுங்கள். பல மெஷின்கள் அதிலேயே சரியாகிவிடும். (பிளக்கைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் ஆறவிட்டுச் செய்யுங்கள். பவர் போர்டின் அடிப்பக்கத்தில் கை வைக்கக்கூடாது.) லேசர் லென்ஸையும் அதே கையோடு மெல்லத் துடைக்கலாம்.

அப்புறமும் வாசிக்கவில்லை என்றால் ஜிடிஎமு. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் போர்டு, எஸ்டி கார்டிலிருந்து கேமைக் கொடுக்கும். ஸ்டூடியோ எமுலேட்டரின் பேரப்பிள்ளை என்று வையுங்கள். ஒன்று கவனம்: அது விஏ1 மதர்போர்டுக்குத்தான். கன்சோலைக் கவிழ்த்து, அடி ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் சரி. 0 அல்லது 2 என்றால் காசு அனுப்பாதீர்கள்.