நாலு அங்குல உச்சம்

கேள்வி: அமெரிக்கா மனிதனை விண்வெளிக்கு அனுப்பத் தயாரான அந்த ஆரம்ப வருடங்களின் உச்சம் என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: உச்சமா? நாலு அங்குலம்.

கேலி இல்லை. 1960 நவம்பர் 21, ஃப்ளோரிடாவின் ஏவுதளமான கேப் கனவரல். ஆளில்லாத மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1 (மெர்க்குரி என்பது விண்கலம், ரெட்ஸ்டோன் அதைத் தூக்கும் ராக்கெட்) நெருப்பைக் கக்கியது, நாலு அங்குலம் எழும்பியது, எஞ்சின் நின்றது, கிளம்பிய இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தது. (‘பத்து சென்டிமீட்டர் என்று போடலாமே’ என்கிறார் உதவி ஆசிரியர். இந்த மெட்ரிக் தகராறு எங்களுக்குள் வருடக்கணக்காக நடக்கிறது. இந்த ஒரு இடத்தில் அவர் பேச்சைக் கேட்கலாம். எண்ணாவது கொஞ்சம் உயரும்.)

காரணம் ஒரு பிளக். தரையிலிருந்து ராக்கெட்டுக்குப் போன இரண்டு மின் இணைப்புகளில் முன்னால் கழல வேண்டியது பின்னால் கழன்றது; அதில் எஞ்சின் நின்றுவிட்டது. வித்தியாசம் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சின் நின்றதால், ‘ஏறி முடித்தாயிற்று’ என்று கருவிகள் முடிவுகட்டின. ஆபத்து வந்தால் விண்கலத்தை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய தப்பிப்புக் கோபுரம், இனி நமக்கென்ன வேலை என்று கலத்தை விட்டுவிட்டுத் தனியாக 4,000 அடி பறந்தது. உயரம் 10,000 அடிக்குக் கீழே; சரி, இறங்குகிறோம் என்று பாராசூட் வெளியே வந்தது. அதில் பாரம் ஒன்றும் தொங்கக் காணோமே என்று ரிசர்வ் பாராசூட்டும் வந்தது. ஒரு கருவிகூடத் தப்புச் செய்யவில்லை. எல்லாம் விதிப்படி.

சென்ற மாதம் ஒரு அலுவலகத்தில் கவுன்டருக்கு ஆளே வரவில்லை. டோக்கன் பலகை மட்டும் நம்பர்களை மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்து உட்கார்ந்தவர் என்னிடம், ‘உங்க நம்பர் தாண்டிப்போச்சே சார்’ என்றார். அவரும் விதிப்படிதான்.

கேப் கனவரலில் எரிபொருள் நிரம்பிய ராக்கெட் பிடிமானமில்லாமல் நின்றது, பக்கத்தில் பாராசூட் தொங்கியது. பலமாகக் காற்றடித்தால் கதை முடிந்தது. துப்பாக்கியால் டாங்கில் ஓட்டை போடலாம் என்றுகூட யோசனை வந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாயிருந்த கிறிஸ் கிராஃப்ட் அதை ஏற்கவில்லை. யாரும் கிட்டே போகாமல் விடியும்வரை காத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தது, எரிபொருளை எரிக்க வேண்டிய திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போனது.

அதே கலம் டிசம்பர் 19-இல் வேறொரு ரெட்ஸ்டோனில் ஏறி 130 மைல் உயரம் தொட்டது. உதவி ஆசிரியருக்காக: 210 கிலோமீட்டர்.