கட்டிலோரத்தில் குழந்தைக்கு எந்தப் படுக்கை?

வாசகி, யாங்கோன்: எனக்கு எட்டாம் மாதம். ஐந்தாம் மாடியில் ஓரறை வீடு. கட்டிலை ஒட்டிப் போடும் தொட்டில் வாங்கலாமா, தச்சரிடம் சொல்லிச் செய்யலாமா? தலைமாடு உயர்ந்த சாய்வுத் தொட்டிலில் போட்டால் பால் எதிர்க்களிக்காது என்கிறார் கடைக்காரர்.

சாய்வுத் தொட்டில் வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் போதாது. சரிவில் படுத்தால் தலை முன்னால் தொங்கி, மோவாய் மார்பில் இடிக்கும். மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும். அழுகைச் சத்தம்கூட வராது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். பால் எதிர்க்களிப்பது பற்றிய பயமும் தேவையில்லை. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குழந்தை விழுங்கிவிடும், அல்லது துப்பிவிடும். குப்புறப் போட்டால்தான் இது தலைகீழாகும்.

தச்சரிடம் செய்வது நல்ல யோசனை. அளவைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். கம்பிச் சட்டங்களுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. குளிர்பான டப்பா நுழைந்தால் அதிகம் என்று அர்த்தம். மூலைக் கால்களில் குமிழ் வேலைப்பாடு வேண்டாம், சட்டை மாட்டிக்கொள்ளும். தலைப்பலகையில் பூவெட்டும் வேண்டாம். பழைய தொட்டிலுக்கு மேல்பூச்சு அடிப்பதைவிடப் புதுத் தேக்கை வழவழப்பாக இழைத்து அப்படியே விடுவது மேல். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். மெத்தை தொட்டிலுக்கென்றே வெட்டியதாக இருக்கட்டும்: ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், குழந்தைக்கு ஆபத்து. தலை வைக்கும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை ஆகாது.

மூன்று பக்கம் அடைத்து, உங்கள் பக்கம் திறந்திருக்கும் தொட்டிலில் தவறு நடப்பது மெத்தையில் அல்ல, இணைப்பில். இரண்டு மெத்தைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. இரவில் நீங்கள் புரளப் புரளக் கட்டில் நகரும். தொட்டிலின் அடிச்சட்டத்தைக் கட்டிலின் எதிர்ப்பக்கச் சட்டத்தோடு அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, தினமும் படுக்கும் முன் கையால் இழுத்துப் பாருங்கள். இடைவெளியில் பழைய லுங்கியைச் சுருட்டித் திணிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அது நெகிழ்ந்து, குழந்தையின் முகம் போய்ப் புதையும் குழியாகிவிடும். மட்டம் சேரவில்லை என்று காலுக்குச் செங்கல் வைப்பதும் வேண்டாம். கால்களை நீட்டியோ அறுத்தோ சரிசெய்யச் சொல்லுங்கள். குழந்தை புரளவோ, கையை ஊன்றி எழவோ தொடங்கினால் திறந்த தொட்டிலின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு நான்கு பக்கமும் உயரமாக அடைத்த தொட்டில் வேண்டும். ஆனால் ஆறு மாதம்வரையாவது உங்கள் அறையிலேயே இருக்கட்டும்.

வாசகி, மோல்மீன்: நான்கு பிள்ளைகளையும் தூளியில்தான் வளர்த்தேன். பேரனுக்குக் கட்டினால் மருமகள் வேண்டாம் என்கிறாள்.

மருமகள் சொல்வதில் காரணம் இருக்கிறது, அம்மா. தூளித் துணி நடுவில் தொய்ந்து குழந்தையை வில்லாக வளைக்கிறது. மோவாய் மார்பில் இடிக்கும் அதே சங்கதிதான். இரு பக்கத் துணியும் முகத்தை நெருங்குவதால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவும் நேரும். நடுவே கம்பு கொடுத்தால் துணி விரியும், வளைவு போகாது. பகலில் நீங்கள் பக்கத்தில் இருந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டி அழுகையை அமர்த்துங்கள். கண் செருகியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். இராத்தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமலிருக்க, விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கவனித்துக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள்.

வாசகர், பெகு: கட்டில் இல்லை, தரையில் பாய்தான். கொசு அதிகம், மின்சாரமும் அடிக்கடி போகிறது.

தரையில் படுக்க வைப்பதில் குறையில்லை. விழுந்துவிடுமோ என்ற பயமுமில்லை. கோரைப்பாய் மேல் பருத்தி விரிப்பை நான்காக மடித்து இழுத்துப் போட்டால் போதும். அது குழந்தைக்குத் தனி இடமாக, சுவரிலிருந்தும் உங்கள் போர்வையிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அடியில் ஈரம் ஊறும், காலையில் பாயைத் தூக்கி நிறுத்துங்கள். கொசுவலையை நாலா பக்கமும் இழுத்துக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள். தோலில் வலை பட்டால் கொசு அதன் வழியாகவே கடிக்கும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். சுருளை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ அறைக்கருகே வைக்க வேண்டாம்; அந்தப் புகையில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கும். மின்விசிறி முகத்தில் நேராக அடிக்காதபடி திருப்புங்கள். புழுக்கத்தில் ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், குல்லா வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள்: வியர்வை பிசுபிசுத்தால் உடை அதிகம்.

வாசகி, யாங்கோன்: 35 வாரத்தில் பிறந்தாள், 2.1 கிலோ. சூட்டுக்காக இரவில் என்னோடே அணைத்துப் படுக்கலாமா?

ஒரே படுக்கையில் வேண்டாம். 37 வாரத்துக்கு முன் பிறந்த, 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அது மற்றவர்களைவிட அதிக ஆபத்து. வீட்டில் யாராவது புகைபிடித்தால், தூக்க மருந்தோ மதுவோ எடுத்திருந்தால் இன்னும் மோசம். சூட்டுக்குக் கங்காரு முறை இருக்கிறது: மேல்சட்டை இல்லாத குழந்தையை உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, துணியால் இறுகக் கட்டுவது. முறையைத் தாதியிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருக்க, இன்னொருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ளட்டும். பால் கொடுக்கும்போது தூக்கம் வருமென்று தெரிந்தால் சோபாவில் மட்டும் உட்காராதீர்கள். கண் அயரக்கூடிய இடங்களில் சோபாவைவிட ஆபத்தானது இல்லை.