வலி போனதும் நோயாளி ஏன் திரும்பி வருவதில்லை?

குடியாத்தத்தில் பல் மருத்துவமனை நடத்திவரும் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வேர் சிகிச்சைக்கு (ரூட் கேனால்) ஒப்புக்கொண்டு முதல் முறை வருபவர்களில் பலர் அடுத்த முறை வருவதில்லை. சில மாதங்கள் கழித்து அதே பல் உடைந்தோ கன்னம் வீங்கியோ வந்து நிற்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தான் தொடங்குகிறேன். எங்கே தவறுகிறது?”

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதற்கு முன், எப்போது சொல்கிறீர்கள் என்று பாருங்கள். இரவெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு நோய் என்பதே அந்த வலிதான். முதல் நாளே பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்பகுதியான பற்கூழை அகற்றித் தற்காலிக அடைப்பு வைத்ததும் வலி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அவர் கணக்கில் சிகிச்சை அத்துடன் முடிந்துபோகிறது. ஆகவே மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, “இன்னைக்கே வலி கொறஞ்சிடும், ஆனா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கும்; மேல வச்ச அடைப்பு தேஞ்சி எச்சில் உள்ள போச்சின்னா மறுபடி சீழ் புடிக்கும்” என்று சொல்லிவிட வேண்டும். வலி நின்ற பிறகு சொல்லும் எச்சரிக்கை, அடுத்த சிட்டிங்குக்கான பணத்துக்குப் போடும் அடித்தளமாகவே காதில் விழும்.

நாற்காலியைச் சாய்த்து, வாயில் பஞ்சை வைத்துவிட்டு விளக்கம் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பதில் பேச முடியாதவரிடம் நடத்துவது உரையாடல் ஆகாது. நாற்காலியை நிமிர்த்தி, முகக்கவசத்தை இறக்கி, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துச் சொத்தையைக் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரியும் இடத்தைப் பேனா முனையால் வட்டமிட்டு, எலும்பு அரித்திருப்பது அங்கேதான் என்று சொன்னால், மாத்திரையால் மட்டும் ஏன் தீராது என்பது அவருக்கே விளங்கும்.

அடுத்து, “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மருத்துவர் கேட்டால் தலையாட்டாதவர் நம் ஊரில் யார்? அதற்குப் பதிலாக, “வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். “மூணு தபா வரணும், வேர சுத்தம் பண்ணி அடைப்பாங்க” என்று மட்டும் பதில் வந்தால், கடைசியில் பல்லின் மேல் உறையாகக் கேப் போடுவது அவர் மனத்தில் ஏறவேயில்லை. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லில் மிச்சமிருக்கும் சுவர் மெல்லியது. கேப் இல்லாமல் மென்றால் பிளந்துவிடக்கூடும். உங்களிடம் உடைந்த பல்லோடு திரும்பி வந்தவர்களில் சிலருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அந்த ஒரு செய்தியை மட்டும் மறுபடி சொல்லி, மறுபடி கேளுங்கள்.

பணத்தைப் பற்றிய பேச்சு இதைவிடக் கடினம். பீடி சுற்றுபவர்களும் தீப்பெட்டித் தொழிலாளர்களும் தறிக்காரர்களும் வரும் ஊர் உங்களுடையது. ஒவ்வொரு வருகைக்கும் கட்டணத்தோடு அரைநாள் கூலியும் போகிறது. கேப்பின் விலையையும் சேர்த்து மொத்தத் தொகையை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். பணம் தரப்போகும் கணவரோ மாமியாரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், நோயாளியின் சம்மதத்தோடு உள்ளே அழையுங்கள். பல்லைப் பிடுங்குவதும் ஒரு வழி என்பதை மறைக்காதீர்கள். இடைவெளியில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் கேட்ட பிறகும் அவர் பிடுங்கச் சொன்னால் அது அவருடைய முடிவு. முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து உருது பேசும் பெண்கள் வந்தால், உடன் வந்த சிறுவனை மொழிபெயர்க்கச் சொல்லாமல் அம்மொழி தெரிந்த பணியாளரை வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் கடினமானதை விழுங்கிவிடுவார்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒரு சொல். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பின்படி, சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், அபாயங்கள், செய்யாவிட்டால் நேர்வது ஆகியவற்றை நோயாளி போதிய அளவு அறிந்து தருவதுதான் ஒப்புதல். வரவேற்பு மேசையில் படிக்காமல் போட்ட கையெழுத்து அந்த அளவுக்கு வராது; படிவத்தை விளக்கத்துக்குப் பிறகு, நீங்கள் எதிரில் இருக்கும்போது கொடுங்கள்.