4 வயது மகனுக்கு ஆட்டிசம் என்கிறார்கள். கோலாலம்பூரில் உதவிக்கு யாரிடம் போவது? வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அம்மா என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. செந்தூலில் ஆட்டிசம் உள்ள தம்பியோடு வளர்ந்த அக்கா, அவ்வளவுதான். அவனுக்கு இப்போது 24.

முதலில் ஓ.கே.யு. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) சொன்னால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். டாக்டர் விண்ணப்பப் பாரத்தில் உறுதிப்படுத்தியதும் சமூக நல இலாகாவில் பதியலாம். ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. பின்னால் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்தால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை உண்டு. பையனுக்கு 4 வயதுதானே, செந்தூலில் இருக்கும் ஜீனியஸ் குர்னியாவிலும் கேளுங்கள். 6 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு நடத்துவது. நாசோம் என்ற தேசிய ஆட்டிசம் சங்கமும் இருக்கிறது, 1980களிலிருந்து. எல்லா இடத்திலும் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் தம்பிக்கு 6 வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கார்டு எடுத்தது 16 வயதில். "கார்டுன்னு ஒண்ணு வந்துட்டா நாளைக்கு அக்கா கல்யாணத்துல வந்து நிக்கும்" என்பார் அம்மா. அந்த அக்கா நான்தான். பத்து வருடம் அப்பா ஓவர்டைம் செய்து தனியாருக்குக் கட்டினார்.

கடைசியில் ஒருநாள் இலாகாவில் போய் உட்கார்ந்தோம். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அரை மணி நேரம் ஒலிபெருக்கியைக் கேட்டான். அப்புறம் 'டிங் டாங்' என்று தொடங்கி, அச்சு அசலாக அந்தப் பெண் குரலில், மலாயில், "நொம்போர் சாத்து கோசோங் தூஜோ, கவுண்டர் அம்பாட்" என்றான். ஒரு சீனப் பெரியவர் சீட்டோடு எழுந்து நாலாம் கவுண்டருக்கே போய்விட்டார். அம்மா தொடையில் கிள்ளினார். அடுத்து அவன் கூப்பிட்டது எங்கள் சீட்டு எண்ணை. அம்மாவே எழுந்து நின்றுவிட்டார்.

கார்டு எடுப்பது பிள்ளைக்கு முத்திரை குத்துவது என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். கார்டு இல்லாத பத்து வருடமும் சொந்தக்காரர்கள் அவனைப் 'பைத்தியம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குப் பெயர் என்னவாம்?

வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போய் வரவாவது ஆள் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஒரு தனியார் நிலையத்தில், "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், ரெண்டு மொழி என்றால் குழம்பிப்போவான்" என்றார்கள். தமிழ்ப்பள்ளியைத் தாண்டாத அம்மா அன்றிலிருந்து 'கம், ஈட், ஸ்லீப்' என்ற மூன்று சொல்லை வைத்துப் பிள்ளை வளர்த்தார். இரண்டு மொழி கேட்பதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது காலம் போய்விட்டது. இன்னும் ஆறவில்லை எனக்கு. பாட்டி மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை, தமிழில் திட்டிக்கொண்டேதான் ஊட்டினார். இன்றும் பசி வந்தால் அவன் தட்டை எடுத்து வந்து, பாட்டி குரலிலேயே கேட்பான்: "சோத்தத் தின்னுடா, எருமை."