களவெட்டியில் நிற்கும் நால்வர்

வணக்கம் ஐயா,

தம்பலகாமத்தில் எங்கள் பழைய வீட்டைத் திருத்தும்போது தடித்த அட்டையில் ஒட்டிய படம் ஒன்று கிடைத்தது. நெல் சூடடிக்கும் களவெட்டியில் நான்கு பேர். ஒருவர் கையில் வைக்கோல் உதறும் வேலைக்காரன் கம்பு, இன்னொருவரிடம் சுளகு. வேலை செய்பவர்கள் போல இல்லை, விறைத்துப்போய் நிற்கிறார்கள். பின்பக்கம் என் பூட்டனின் பெயர் இருக்கிறது. அம்மம்மா பார்த்துவிட்டு, அவர் இதில் இல்லை, இவர்கள் வயலில் வேலை செய்தவர்கள் என்கிறார். இது சோடித்து எடுத்த படமா? லேமினேட் செய்து வைக்கலாமா?

அன்புள்ள தம்பி,

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடும் பசையும் படத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஈரத்துணியாலும் துடைக்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு, அமிலம் இல்லாத தாளில் சுற்றி, மாரிகாலத்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

சோடித்து எடுத்ததுதான். ஆனால் அதனால் அது பொய்ப்படம் ஆகிவிடாது. பழைய கண்ணாடித் தகட்டுக் கமராவுக்கு முன்னால் சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும், கம்பை ஓங்கினால் படத்தில் கை கலங்கிவிடும். பிறகு வேகமான தகடுகள் வந்தும் அந்த நிற்கும் பழக்கம் போகவில்லை. முகம் விறைத்திருக்கட்டும், நீங்கள் கையைப் பாருங்கள். வைக்கோல் உதறிப் பழகியவர் கம்பைப் பிடிக்கும் பிடி வேறு.

எனக்குப் பெரிதாகப்படுவது, அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது யார் என்பது. அமெரிக்காவில் 1850களில் தகரப் படம் வந்தது. பெயர்தான் தகரம், உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. விலை மலிவு என்பதால் கொல்லரும் பண்ணையாளும் சொந்தக் காசில், தங்கள் சுத்தியலோடும் வைக்கோல் அள்ளும் முள்கரண்டியோடும் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இது நான், இது என் தொழில் என்று அவர்களே சொன்ன படங்கள் அவை. இங்கே கதை வேறு. பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். தோட்டத் தொழிலாளரை அவ்வளவு அழகாக எடுத்தவர், ஆனால் அந்த முகங்களுக்குரிய பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. கொழும்பு ஸ்டூடியோக்கள் பயணிகளுக்கு விற்ற படங்களிலும் தொழிலின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. உங்கள் படத்தின் பின்னாலும் வயலுக்குச் சொந்தக்காரரான உங்கள் பூட்டனின் பெயர்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும் ஒன்பது பேர். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யாரென்று எல்லோருக்கும் தெரியும். மற்ற எட்டுப் பேரையும் என் அப்பாச்சி ஒவ்வொருவராகச் சொல்லுவா. நான் எழுதிவைக்கவில்லை. அவ இல்லாமல் போய் இருபது வருடமாகிறது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் அம்மம்மா இருக்கிறா. இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முழுப்பெயர் நினைவில்லாவிட்டால், வீட்டில் கூப்பிட்ட பெயர், எந்தப் பக்கத்து ஆள், பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். அப்புறம் நான்கு பிரதி எடுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ இருக்கலாம், அவர்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்க வாய்ப்பில்லை. கம்பு பிடித்தவரின் பெயர் தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.