வென்ட்வொர்த்வில்லில் வீடு, சிட்டியில் வேலை: ரயில் எப்படி?

தம்பி, சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் பார்த்த வீடு ரயில் நிலையத்தில் இருந்து 5 நிமிட நடை, சிட்டியில், அதாவது சிட்னி நகர மையத்தில், இருக்கும் வேலைக்கு அது வசதிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். நடைத் தூரத்தைவிட, அங்கே எந்த ரயில் நிற்கும் என்பதுதான் முக்கியம்.

பரமட்டாவைத் தாண்டினால் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் என்று வரிசையாக வரும். எல்லாம் டி1 என்ற ரயில் பாதைதான். ஆனாலும் பென்ரித், எமு பிளெய்ன்ஸ் போகும் ரயில்கள் பல, இடையில் உள்ள சின்ன நிலையங்களில் நிற்காது. பின்னேரம் சிட்டியின் சென்ட்ரல் நிலையத்தில் டி1 என்று கண்டதும் ஓடிப்போய் ஏறாதீர்கள். நிற்கும் நிலையங்களின் பட்டியல் பலகையில் ஓடும், அதை வடிவாய் வாசியுங்கள். மாறி ஏறிவிட்டால் பரமட்டாவில் இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். லிவர்பூல் பக்கம் வேலை என்றால் சிட்டிக்குள் போகவே தேவையில்லை, டி5 என்ற வேறு ரயில் பாதை இருக்கிறது.

அலுவலகம் சிட்டியில் எந்த மூலை என்றும் பாருங்கள். டி1 சென்ட்ரல், டவுன் ஹால், வின்யார்ட் தொட்டுப் பாலத்தைக் கடந்து நோர்த் சிட்னிக்குப் போய்விடும். சர்குலர் கீ, மியூசியம், செயின்ட் ஜேம்ஸ் இதில் வராது, சென்ட்ரலில் மாற வேண்டும். பரங்கரூ என்றால் சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறுங்கள். 2024 ஆகஸ்டில் மெட்ரோவின் சிட்டிப் பகுதி திறந்த பிறகு அந்தப் பக்கம் போவது சுலபம்.

காசு வீணாவது பெரும்பாலும் ஓப்பல் என்ற பயணக் கட்டண முறையின் கணக்கில்தான். வங்கி அட்டையையோ போனையோ தட்டிப் போகலாம், கட்டணம் ஒன்றுதான். ஆனால் காலையில் போனைத் தட்டி ஏறி, இறங்கும்போது அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினால், இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். இரண்டிலும் முடியாத பயணம் என்று அதிகபட்சக் கட்டணம் வெட்டும். கதவு இல்லாமல் கம்பத்தில் மட்டும் தட்டும் நிலையங்களில்தான் இறங்கும்போது தட்ட மறப்பது அதிகம். ஊர் வங்கி அட்டையைத் தட்டினால் அந்த வங்கி வெளிநாட்டுக் கட்டணமும் எடுக்கக்கூடும், ஆகவே முதல் வாரமே ஓப்பல் அட்டை எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை 50 டொலர்தான் உச்சவரம்பு. ஒரே அட்டையில் போனால்தான் அந்த வரம்பை எட்டலாம்.

ரயிலில் நெரிசல் நேரம் திங்கள் முதல் வியாழன் வரை காலை 6.30–10, மாலை 3–7. மற்ற நேரமும், வெள்ளி, சனி, ஞாயிறு முழுவதும் 30 சதவீதம் குறைவு. கணக்கு நீங்கள் ஏறத் தட்டும் நேரத்துக்குத்தான். 6.25க்குத் தட்டியவருக்கும் 6.35க்குத் தட்டியவருக்கும் அதே ரயிலில் வேறு வேறு கட்டணம்.

சனி, ஞாயிறில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடுவது இங்கே சாதாரணம். வெள்ளி இரவே பயணத் திட்டச் செயலியைப் பாருங்கள், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் நின்றுவிடும், டவுன் ஹால் பக்கத்தில் இருந்து நைட்ரைட் என்ற இரவு பஸ்தான். இரவில் தனியாக வந்தால் நீல விளக்கு எரியும் பெட்டியில் ஏறுங்கள், கார்ட் அதற்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

வீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலைநாள் காலை 7.30க்கு அந்த நிலையத்தில் ஏறி உங்கள் அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள்.